மறுமொழி: எல்லை அடுக்கா, எல்லைப் படலமா?

அண்ணாச்சி, வணக்கம். ஒரு பரப்பை ஒட்டி ஓடும் காற்றோ நீரோ வேகம் குறைந்து போகிற பகுதியை ஆங்கிலத்தில் boundary layer என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதை 'எல்லை அடுக்கு' என்று வைக்கலாம் என்கிறீர்கள், 'எல்லைப் படலம்' என்பது என் கட்சி. நீங்கள் கேட்டது இது:

> படலம்னா கண்ணில் படர்வது, மயிரிழைக் கனம். தரைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் நிற்கிற காற்றைப் படலம் என்று எப்படிச் சொல்ல?

மார்கழி விடியலில் தாமிரபரணிக் கரையில் நிற்பதைப் பனிப்படலம் என்கிறோம். சூளைப் பக்கம் புகைப்படலம், லாரி போன பிறகு தூசிப்படலம். எதுவும் மயிரிழைக் கனமில்லை. எதன் மேல்விளிம்பையும் தொட்டுக் காட்டவும் முடியாது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது குணம்தான்.

பரப்பை ஒட்டிய பாய்மம், அதாவது காற்று, நீர் போல ஓடுவது, நகர்வதில்லை. விலக விலக வேகம் கூடி, வெளியோட்டத்தோடு கலந்துவிடுகிறது. கலக்கிற இடத்தில் கோடு கிடையாது. வெளிவேகத்தில் 99 சதவீதம் வந்த இடத்தை விளிம்பு என்று கணக்குக்காக வைத்திருக்கிறோம். தட்டையான தகட்டின் மேல் வினாடிக்கு 10 மீட்டர் காற்று போனால், முன்விளிம்பிலிருந்து அரை மீட்டரில் இந்தக் கனம் சுமார் 4 மில்லிமீட்டர். அடுக்கு என்றதும் மாணவர் அங்கே ஒரு பிரிகோட்டைத் தேடுவார்.

கொந்தளிக்காமல் அடுக்கடுக்காக வழுக்கிப் போகிற லாமினார் (laminar) ஓட்டத்துக்கு அடுக்கோட்டம் என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். அப்படியானால் 'அடுக்கோட்ட எல்லை அடுக்கு' என்று வரும். வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மூலச்சொல்லில் அடுக்கு இருக்கிறதே என்பீர்கள். இந்தக் கருத்தைத் தந்த ஜெர்மானிய அறிஞர் பிராண்டில் 1904இல் ஹைடெல்பெர்க் கணித மாநாட்டில் பேசியபோது 'இடைமாற்று அடுக்கு' என்றும் சொன்னார். அவருக்கே அப்போது பெயர் உறையவில்லை. பாகுநிலையின், அதாவது பாய்மத்தின் உள்உராய்வின், ஆட்டமெல்லாம் பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதிக்குள்தான், வெளியே அதைக் கணக்கில் விட்டுவிடலாம் என்ற கருத்துதான் பெரிது. பாகுநிலை இல்லாத பாய்மத்தில் இழுவையே (ஓட்டம் பொருளைப் பின்னுக்கு இழுக்கிற விசை) வராது என்று 1752இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் தலாம்பேர் போட்ட முடிச்சு அதனால்தான் அவிழ்ந்தது.

பணகுடிப் பக்கம் காற்றாலைக் காத்தாடியின் இறக்கையை யாராவது தரைக்கு இறக்கும்போது போய்ப் பாருங்கள். முன்விளிம்பில் பூச்சிகள் அப்பிச் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பே படலத்தை முன்கூட்டியே கொந்தளிக்க வைத்து, கனக்க வைத்து, பலத்த காற்றில் சீக்கிரமே இறக்கையை விட்டுப் பிரிய வைக்கிறது. இறக்கையைச் சுழற்றுகிற ஏற்றுவிசை குறைந்து மின்சாரமும் குறைகிறது. நல்ல மழை கழுவினால் மறுபடி ஏறும். இவ்வளவையும் 'படலம்' என்ற ஒரே சொல்லை வைத்து நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட முடிகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன: அடுக்கோட்டப் படலம், கொந்தளிப்புப் படலம், வெப்பப் படலம், படலக் கனம்.

ஒன்றில் மட்டும் உங்கள் தீர்ப்பு வேண்டும். படலம் பரப்பை விட்டு விலகுவதை, காரை பெயர்வது போலப் 'படலப் பெயர்ச்சி' என்கிறார் தென்காசித் தம்பி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியோட்டம் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதற்குப் 'பெயர்ச்சிக் கனம்' என்று வைத்திருக்கிறோமே, இரண்டும் முட்டும். நான் 'படலப் பிரிவு' என்பேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.