பிளஸ் ஒன் மாணவர்களை கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறோம்: எங்கே படம் எடுக்கலாம்?

பள்ளி ஆசிரியை:
மாணவர்கள் 40 பேரை மாவட்ட ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துப் போகிறோம். ஆண்டு மலருக்கும் ஃபேஸ்புக் பக்கத்துக்கும் படம் வேண்டும். யாரிடம் அனுமதி கேட்பது? பயணத்துக்காகப் பெற்றோரிடம் வாங்கிய ஒப்புதல் கடிதமே போதுமா?

வக்கீல்:
மேடம், முதன்மை மாவட்ட நீதிபதிக்குப் பள்ளி லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமாகப் போனால் வேலை சுலபம். ‘பார்வையிட அனுமதி’ என்று மட்டும் எழுதினால் அது படத்துக்குச் செல்லாது. யார் எடுப்பார், எந்த இடத்தில், எதில் வெளியிடுவீர்கள் என்று தனிப் பத்தியாகக் கேளுங்கள். பதில் கடிதத்தின் நகல் கேட் போலீசிடம் காட்டக் கையில் இருக்கட்டும்.

கோர்ட் ஹாலுக்குள் படம், வீடியோ, ஆடியோ எதுவுமே கூடாது. நீதிபதி இறங்கிப் போன பிறகும் எடுக்க வேண்டாம். மேசையில் கேஸ் கட்டு பிரித்தபடி கிடக்கும். போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்து ஒரு பையில் வாங்கி வைத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றமே 2025 செப்டம்பரில் தன் உயர் பாதுகாப்புப் பகுதியில் படமும் ரீல்ஸும் எடுக்கத் தடை போட்டிருக்கிறது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ கோர்ட் பக்கமே போகாதீர்கள். அங்கே விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும்.

குற்றவியல் வழக்கறிஞர்:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து வராந்தாவில்தான். நீதிபதி கொடுக்கும் அனுமதி கட்டடத்துக்கு. அங்கே நிற்கும் மனிதர்களுக்காக அவர் சம்மதம் தர முடியாது.

மாணவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிறுமி ஒரு வழக்கின் சாட்சியாக இருக்கலாம். வழக்கில் தொடர்புடைய குழந்தையின் அடையாளம் வெளியானால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் என்றால் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

முகத்தை மூடி ஒருவரைப் போலீஸ் கூட்டி வந்தால் பெரும்பாலும் அடையாள அணிவகுப்பு (வரிசையில் நிறுத்தியவர்களில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சாட்சி அடையாளம் காட்டுவது) இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அவர் படம் சுற்றுக்கு வந்தால், “சாட்சி போட்டோவைப் பார்த்துத்தான் அடையாளம் காட்டினார்” என்று எதிர்த்தரப்பு வாதிடும். அரசுத் தரப்பு வழக்கே ஆட்டம் காணும். குழந்தை, பாதிக்கப்பட்டவர் விஷயத்தில் முகத்தை மங்கலாக்கினாலும் போதாது. சேலை, பள்ளிச் சீருடை, கூட நிற்கும் அம்மா, இதை வைத்தே ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளி நிர்வாகப் பணியில் இருப்பவர்:
பயண ஒப்புதல் போதாது டீச்சர். படத்துக்குத் தனிப் படிவம் வேண்டும். ஆண்டு மலர், ஃபேஸ்புக், நாளிதழ் மூன்றுக்கும் தனித்தனி டிக் கட்டம் போடுங்கள். பலர் மலருக்குச் சரி, ஃபேஸ்புக்குக்கு வேண்டாம் என்பார்கள். 18 வயதுக்குக் கீழே என்பதால் பெற்றோர் கையெழுத்து கட்டாயம், பிள்ளையையும் கேளுங்கள். பின்னால் மறுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பெயரையும் எண்ணையும் படிவத்திலேயே அச்சடியுங்கள். சம்மதிக்காத பிள்ளைகளைக் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிறுத்தி வெட்டுவது கொடுமை. அவர்களுடன் ஓர் ஆசிரியர் நூலகத்தைப் பார்க்கப் போகட்டும்.

பள்ளி ஆசிரியை:
நன்றி. வாசல் பெயர்ப் பலகை முன்னால் நிறுத்தி எடுத்தால் பிரச்சினை இல்லையே?

குற்றவியல் வழக்கறிஞர்:
காலை 10 மணிக்கு மேல் வேண்டாம் மேடம், கைதி வேன் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கூட்டம் சேருமுன், வெறும் சுவர் பின்னால் வரும்படி, ஒரே கேமராவில் எடுங்கள். வழக்குப் பட்டியல் ஒட்டிய பலகை படத்தில் விழாமல் பாருங்கள். பெரிதாக்கினால் வழக்கு நடத்துபவர்களின் பெயர் படிக்க முடியும்.