பாரை விட்டால் பாஸே நிற்கவில்லை, உதவுங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ்_மது:
பாலே பழகுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சுவரோரக் கம்பியான பாரைப் பிடித்துச் செய்தால் எல்லாம் வருகிறது, பிடிமானமில்லாத நடுத்தளத்துக்கு, அதாவது சென்டருக்கு வந்தால் பாஸேயில் (ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலின் விரல் நுனியை முழங்காலில் வைக்கும் நிலை) இரண்டு எண்ணிக்கைகூட நிற்க முடியவில்லை, கால்களை வெளிப்பக்கம் திருப்பி வைக்கும் டர்ன்அவுட்டும் போய்ப் பாதம் நேராகத் திரும்பிக்கொள்கிறது. டீச்சர் "இறுக்கு, இறுக்கு" என்கிறார், எதை இறுக்க? அடுத்த மாதம் தேர்வு.

ஜார்ஜ்டவுன்வாசி:
எந்தக் காலில் நிற்கும்போது? முழுப் பாதமா, குதிகாலைத் தூக்கியா? வயது? எவ்வளவு நாளாகப் பழகுகிறீர்கள்?

பூச்சோங்_அண்ணன்:
தரைதான் காரணம், பந்தயம் கட்டுகிறேன். வினைல் விரித்த ஸ்டுடியோவில் நின்று பாருங்கள், வீட்டு டைல்ஸில் சாக்ஸ் போட்டு நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பழையபாயிண்ட்ஷூ:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்கத்தான் ஆளில்லை. பார் சாய்ந்துகொள்ள வைத்த கைப்பிடி இல்லை அம்மா. அதில் விரல் நுனி மட்டும் இருக்கட்டும், நடுவில் கையை எடுத்துவிடுங்கள், அப்போதே விழுந்தால் சென்டரிலும் விழுவீர்கள். டர்ன்அவுட் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும், பிட்டத்துக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகள்தான் தொடையைச் சுழற்றுகின்றன. இறுக்கவேண்டியது அவற்றை. பாதத்தை மட்டும் தரையில் திருகி வைத்தால், ஒற்றைக் காலுக்கு வந்ததும் நழுவத்தான் செய்யும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மது:
இடது கால், குதிகாலைத் தூக்கி, ரெலெவேயில். வயது 31. சின்ன வயதில் பரதம் ஆடியவள், முழங்கால்களை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டி நன்றாக உட்காருவேன், அதனால் டர்ன்அவுட் பிரச்சினையாக இருக்காது. ஆமாம், வீட்டில் டைல்ஸ்தான். முழங்கால் உள்பக்கம் லேசாக வலிக்கிறது, அது பழைய வலி.

பூச்சோங்_அண்ணன்:
சொன்னேனா இல்லையா, டைல்ஸ்!

ஜார்ஜ்டவுன்வாசி:
அக்கா, அந்த வலியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. குப்புறப் படுங்கள், ஒரு காலை நீட்டிவைத்து மற்றதை முழங்காலில் செங்குத்தாக மடக்குங்கள். இடுப்பு எழும்பாமல் கணுக்கால் மற்றக் காலைத் தாண்டி எவ்வளவு சாய்கிறதோ அதுதான் உங்கள் இடுப்பு தரும் சுழற்சி. குதிகால்களைச் சேர்த்துப் பாதங்களை வெளிப்பக்கம் திறக்கும் முதல் பொசிஷனில் அதைவிட அதிகமாகத் திறந்தால் மிச்சத்தை முழங்காலும் கணுக்காலும் சுமக்கும். பிலியே (முழங்காலை மடக்கி இறங்குவது) செய்யும்போது முட்டி இரண்டாவது விரலுக்கு மேல் வருகிறதா, உள்ளே விழுகிறதா பாருங்கள். விழுந்தால் கோணத்தைக் குறையுங்கள். வலி தொடர்ந்தால் தேர்வுக்கு முன்னால் பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

சலங்கை_கிள்ளான்:
அரைமண்டி வந்தால் பாலே வராது என்பது யார் கண்டுபிடிப்பு? நம் மலேசிய நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் பாலே பழகிவிட்டுத்தானே ஒடிசி நடனத்துக்கு வந்தார்?

பழையபாயிண்ட்ஷூ:
வராது என்று இங்கே யாரும் சொல்லவில்லை, படித்துவிட்டு எழுதுங்கள். அரைமண்டியில் இடுப்பு கீழே அமர்ந்திருக்கிறது, எடை இரண்டு காலிலும் பரவியிருக்கிறது. பாஸேயில் எடை முழுக்க ஒரே காலின் முன்பாதத்துக்கு மேல் வரவேண்டும், உடல் மேலே இழுபடவேண்டும். இரண்டும் வேறு வேலை. தவிர, அவர் வந்த திசை உங்கள் வாதத்துக்கு நேர் எதிர்.

சலங்கை_கிள்ளான்:
பரதத்திலும் ஒற்றைக் காலில் நிற்கிறோம் சார். நடராஜர் நிலை எத்தனை காலில் நிற்கிறது?

பழையபாயிண்ட்ஷூ:
முட்டி மடங்கி நிற்கிறது. முழுப் பாதத்தில்.

ஜார்ஜ்டவுன்வாசி:
இந்தச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்களேன். மது அக்கா, படுத்துப் பார்த்தீர்களா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_மது:
பார்த்தேன், நினைத்ததைவிடக் குறைவாகத்தான் சாய்கிறது. கோணத்தைக் குறைத்து நின்றதில் நான்கு எண்ணிக்கை வந்தது, முட்டியும் பரவாயில்லை. வலது காலில்தான் இன்னும் ஆட்டம். எல்லோருக்கும் நன்றி, கிளாஸுக்கு ஓடுகிறேன்.

ஜார்ஜ்டவுன்வாசி:
வலதா? இடது என்றல்லவா சொன்னீர்கள்?

பூச்சோங்_அண்ணன்:
ஸ்டுடியோவிலா நின்றீர்கள், டைல்ஸிலா?