மறுமொழி: எண்ணின் குறியைக் கண்டறிய ‘குறியறி’ சரிவருமா?

வணக்கம். ஓர் எண் மிகையா, குறையா, பூச்சியமா என்று சொல்லும் செயல்கூறுக்கு (sign function) நான் சொன்ன ‘குறியறி’ என்ற பெயர் பற்றி வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘சைன்’ என்றே எழுதிவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியவில்லை ஐயா. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். ‘சைன்’ என்றதும் ஒரு மாணவி, “கோணம் எவ்வளவு?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். முக்கோணவியலின் சைனுக்கும் தமிழில் இதே எழுத்துகள்தான். ஆங்கிலத்திலும் ஒலி ஒன்றாக இருப்பதால்தான் கணிதத்தில் சிக்னம் என்ற லத்தீன் சொல் வழங்குகிறது. ஜாவா நிரல்மொழியிலும் அதே பெயர்தான்.

> அப்படியானால் வெறும் ‘குறி’ போதும்.

எங்கள் ஊரில் குறி என்றால் சீட்டு. மலையாளத்தில் சீட்டுக்கு அதுதான் பெயர்; எங்கள் வீட்டிலும் “இந்த மாசக் குறி கட்டியாச்சா?” என்றுதான் கேட்போம். கணக்கில் வரும் குறியை மலையாளத்தில் சிஹ்னம் என்பார்கள். அதைச் சின்னம் என்று எடுத்தால் தேர்தல் நினைவு வந்துவிடும். குறிச்சொல், குறியீடு, குறிமுறை என்று கணினித் தமிழிலும் ஏற்கெனவே நெரிசல்.

அதனால்தான் ‘குறியறி’ என்கிறேன். ஏவலாக இருப்பதால் நிரலில் படிக்கும்போதே செய்யும் வேலை தெரிகிறது. இந்தச் செயல்கூறு ‘+’, ‘-’ என்ற குறியைத் தருவதில்லை, ஓர் எண்ணைத் தருகிறது: மிகை எண்ணுக்கு 1, குறை எண்ணுக்கு -1, பூச்சியத்துக்கு 0. அந்தப் பூச்சியத்தை விட்டுவிடக் கூடாது. ஆழியாறு அணையின் இன்றைய மட்டத்திலிருந்து நேற்றைய மட்டத்தைக் கழித்து, விடையைக் குறியறிக்குக் கொடுக்கச் சொன்னேன். 1 என்றால் தண்ணீர் ஏறுகிறது, -1 என்றால் இறங்குகிறது, 0 என்றால் அப்படியே நிற்கிறது. அந்தத் தண்ணீரை நம்பி இங்கே வயல் இருக்கிறது; மூன்று விடையும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

பைத்தானில் கணிதச் செயல்கூறுகள் அடங்கிய மேத் (math) தொகுதியில் இதற்கென்று செயல்கூறு கிடையாது. பிள்ளைகளே சில வரிகளில் எழுதிக்கொள்கிறார்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் குறியறி(-7) என்றே அழைக்கலாம்.

அப்புறம், கணினி ஓர் எண்ணைச் சேமிக்கும்போது அதன் குறிக்கென ஒதுக்கும் ‘குறி பிட்’டை (sign bit) இதோடு சேர்த்துவிட வேண்டாம். 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (தசமப் பகுதியும் கொண்ட எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் முறை) 1 பிட் குறிக்கு, 11 அடுக்குக்கு, 52 பின்னப் பகுதிக்கு. பூச்சியத்துக்கும் அந்தக் குறி பிட் இருப்பதால் +0, -0 என இரண்டு பூச்சியங்கள் உண்டு. ஒப்பிட்டால் இரண்டும் சமம். குறியறியும்போது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி -0க்கு -0ஐயே திருப்பித் தரும். ஆகவே மதிப்பைப் பார்ப்பதற்குக் குறியறி, பிட்டைச் சொல்வதற்குக் ‘குறி பிட்’ என்று தனித்தனியாக வைத்துக்கொள்வோம்.

ஓர் எண்ணின் குறியை இன்னோர் எண்ணுக்கு மாற்றும் காப்பிசைன் (copysign) என்ற செயல்கூறு பைத்தானில் இருக்கிறது. அதற்குக் ‘குறியேற்று’ என்று யோசித்தேன், ஆனால் எந்த எண் எதற்கு ஏற்றுகிறது என்பது அதில் தெளிவாக இல்லை. இதைவிட நல்ல சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மறுநாள் வகுப்பில் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.