மூன்றாவது சிலிண்டர் ஏன் மிஸ் ஆகிறது?

சனிக்கிழமை

அருண்: மாமா, ஒரு சந்தேகம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல. காலை எடுத்தால் சரியாகிவிடும். நிற்கும்போது ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது.

பிரபு: டர்போ போச்சு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா?

சேகர் மாமா: டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுவது, அது போனால் வெட்டாது பிரபு. இழுவை இல்லாமல் சோர்ந்து போகும், இல்லையென்றால் புகை தள்ளும். இது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. அருண், என்ஜின் லைட் நிலையாக எரிந்ததா, மினுக்கியதா?

அருண்: வெட்டும்போது மினுக்கியது. இப்போது நிலையாக எரிகிறது.

சேகர் மாமா: அப்படியென்றால் இனி அழுத்தி ஓட்டாதே. மினுக்கினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளே இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் செலவில் முடிய வேண்டியது அங்கே போய் நிற்கும்.

நிலா: அண்ணா ஸ்கேனர் வைத்திருக்கிறானே, அதை மாட்டிப் பார்க்கலாமே?

அருண்: பார்த்துவிட்டேன். பி0300, பி0303 என்று இரண்டு கோளாறு எண்கள் வந்திருக்கின்றன. அழித்துவிடட்டுமா?

சேகர் மாமா: பொறு பொறு, அழிக்காதே! அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும். கோளாறு எண் விழுந்த நொடியில் என்ஜின் எப்படி இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. முதலில் அதைப் படம் எடுத்துப் போடு.

அருண்: [படம்] 3,240 ஆர்பிஎம், லோடு 94%, கூலன்ட் 89 டிகிரி.

சேகர் மாமா: நல்ல தடயம். என்ஜின் சூடாகிவிட்டது, பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், முழுசாக ஏறியிருக்கிறது, அப்போதுதான் விட்டுப்போகிறது. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாமல் மிஸ் ஆகிறது என்று பொதுவாகச் சொல்வது. பி0303-இல் கடைசி எண்தான் சிலிண்டர்.

நிலா: மூன்றாவதில் எரியவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும் மாமா? உள்ளே கேமராவா இருக்கிறது?

சேகர் மாமா: நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் தீப்பொறியைப் பார்ப்பதே இல்லை. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் துளி வேகமெடுக்கும். மூன்றாவதின் முறை வரும்போது வேகமெடுக்கவில்லை என்றால் கணக்கில் எழுதிவிடும். அதனால் “மூன்றாவது வேலை செய்யவில்லை” என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். காரணம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலா, பொறி தரும் பிளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, சிலிண்டருக்குள் காற்று இறுகும் கம்ப்ரஷனா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரபு: எதற்கு இவ்வளவு? நாலு காயில், நாலு பிளக், புதுசாகப் போட்டால் முடிந்தது.

சேகர் மாமா: போட்டுச் சரியானால் எது கெட்டது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் காசும் போய், நின்ற இடத்திலேயே நிற்போம். பொருளை இடம் மாற்று, கோளாறு கூடவே போகிறதா பார். காசு செலவில்லாத சோதனை இது.

மல்லிகா அத்தை: நேற்று மிக்ஸி ஓடவில்லை என்றேன், அதற்குப் பதில் இல்லை. காருக்கு மட்டும் பத்தி பத்தியாக வருகிறது.

பிரபு: 😂 சரி மாமா, டர்போ குழாயில் லீக் இருந்தாலும் இப்படி வெட்டுமே?

சேகர் மாமா: வெட்டும், ஆனால் ஒரே சிலிண்டரை மட்டும் பிடிக்காது. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும். அளந்த காற்று வழியில் வெளியேறினால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும், கருப்புப் புகை வரும், நாலு சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும். இவனுக்கு மூன்றாவது மட்டும்தானே பெயரோடு வந்திருக்கிறது.

அருண்: அப்படியென்றால் பொறி தரும் இக்னிஷன் பக்கம் என்கிறீர்களா?

சேகர் மாமா: என் சந்தேகம் அங்கேதான். பூஸ்டில் சிலிண்டருக்குள் காற்று இறுகிக் கிடக்கும். அந்த நெரிசலில் பிளக் முனையைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். இடைவெளி கூடியிருந்தாலோ காயில் தளர்ந்திருந்தாலோ ஐடிலிங்கில் தெரியவே தெரியாது, அழுத்தும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

நாளை என்ஜின் நன்றாக ஆறிய பிறகு திற. ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைக் கழற்றினால் மரை பிய்ந்துவிடும். காயிலை எடுத்ததும் பிளக் குழியில் காற்றடி, இல்லாவிட்டால் தூசி சிலிண்டருக்குள் விழும்.

மூன்றாவது காயிலை ஒன்றாவதுக்கு மாற்று, மூன்றாவது பிளக்கை இரண்டாவதுக்கு மாற்று. காயிலும் பிளக்கும் ஒரே இடத்துக்குப் போகக் கூடாது, அதுதான் முக்கியம். பி0301 வந்தால் காயில், பி0302 வந்தால் பிளக். மறுபடி பி0303-ஏ வந்தால் இரண்டும் நிரபராதி. அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று இறங்கலாம்.

அருண்: ஒன்றாவது எந்தப் பக்கம்?

சேகர் மாமா: பெரும்பாலும் டைமிங் செயின் பக்கம். மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை

அருண்: [படம்] மூன்றாவது குழியில் எண்ணெய் நிற்கிறது மாமா! காயிலின் ரப்பர் முனை ஊறிப்போய்க் கிடக்கிறது.

பிரபு: பார்த்தாயா, பிஸ்டன் ரிங் போச்சு.

சேகர் மாமா: அவசரப்படாதே. எண்ணெய் குழிக்குள்தான் இருக்கிறது, சிலிண்டருக்குள் இல்லை. என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கோடு சேர்ந்த குழி சீல் காய்ந்து கெட்டியாகி எண்ணெயை விட்டிருக்கும். ரிங் போய் எண்ணெய் சிலிண்டருக்குள் வந்தது என்றால் பிளக்கின் எரியும் முனை நனைந்திருக்க வேண்டும். குழியை நன்றாகத் துடைத்து எடுத்துவிட்டு பிளக்கைக் கழற்று, முனையையும் பீங்கானையும் கிட்டத்தில் படம் எடு.

அருண்: [படம்] [படம்] முனை காய்ந்து, வெளிர் பழுப்பாக இருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் கிழித்தது போல ஒரு கருப்புக் கோடு. துடைத்தும் போகவில்லை.

சேகர் மாமா: அந்தக் கோடுதான் ஆள். பொறி முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி ஹெட்டுக்குத் தாவியிருக்கிறது. ஒருமுறை கரித்தடம் விழுந்தால் பிறகு அதுதான் அதற்குச் சுலபமான வழி. இடைவெளி எவ்வளவு?

அருண்: கம்பி கேஜில் 1.05 மி.மீ. மேனுவலில் 0.75.

சேகர் மாமா: போதும். டர்போ வண்டிக்கு 0.7, 0.8 என்று குறுக்கி வைப்பதே இதற்காகத்தான். முனை தேய்ந்து இடைவெளி வளர்ந்துவிட்டது. அங்கே தாண்ட முடியாததால் வெளியே வழி தேடியிருக்கிறது. என்றாலும் இடம் மாற்றி ஓட்டிப் பார், ஊகத்தோடு நிறுத்தாதே.

அருண்: ஒரு சின்ன ஏற்றம், அரை நிமிடம்தான் அழுத்தினேன். பி0302!!

நிலா: 👏👏 பிளக்!

பிரபு: சரி, டர்போ பிழைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சேகர் மாமா: நாலு பிளக்கையும் மாற்று, ஒரே வயதுடையவைதானே. இரிடியம் என்றால் நடு முனை ஊசி மாதிரி இருக்கும், அதை நெம்பி இடைவெளி சரிசெய்யாதே, ஒடிந்துவிடும். டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்கு. எண்ணெயில் ஊறிய ரப்பர் முனை தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்று, கிடைக்காவிட்டால் அந்த ஒரு காயில். டேப்பெட் கவர் பேக்கிங்கையும் குழி சீல்களையும் விட்டுவிடாதே. எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்தால் புது ரப்பரும் இதே கதிதான்.

வியாழக்கிழமை

அருண்: எல்லாம் மாற்றியாகிவிட்டது. அதே ஏற்றம், அதே கியர், சிவப்புக் கோடு வரை சீராக இழுக்கிறது. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் லேசாக நடுங்குகிறது. லைட் எரியவில்லை, ஸ்கேனரில் நான்காவது சிலிண்டருக்கு மட்டும் சில மிஸ் எண்ணிக்கை.

சேகர் மாமா: அது வேறு கதை. குளிரில் மட்டும் வந்து சூடானதும் மறைந்தால் இக்னிஷனைத் தேடாதே. உன்னுடையது நேரடி இன்ஜெக்ஷன், பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவாமல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அதனால் வால்வின் முதுகில் கரி படியும். காற்று உள்ளே போகும் இன்டேக் வழியாக போரோஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டு நான்காவது வால்வைப் பார்க்கச் சொல். கரி இல்லையென்றால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கலாம்.

மல்லிகா அத்தை: போரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நம் வீட்டு மிக்ஸியையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.