தீவு சரி, எந்தக் கரை? குளிர்கால விடுமுறைக்குப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

டிசம்பர் முதல் வாரம் கோ சமூயியில் ஆறு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். அதில் கடலில் இறங்கியது ஒன்றரை நாள். மீதி நேரமெல்லாம் அறை வாசலில் நாற்காலி போட்டு மழை பார்த்தேன். மழை அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

தப்பு என்னுடையதுதான். தாய்லாந்துக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம் என்று எங்கோ படித்தேன். அத்தோடு தேடலை நிறுத்திவிட்டேன். அந்த வரி ஃபுக்கெட், கிராபி இருக்கும் மேற்குக் கரைக்குப் பொருந்தும். சமூய் இருப்பதோ கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில். வடகிழக்குக் காற்று வளைகுடாவின் ஈரத்தையெல்லாம் அள்ளி வந்து அங்கே கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். நடுவில் மலைத்தொடர் மறிப்பதால் மேற்குக் கரைக்கு அந்த மழை அவ்வளவாகப் போய்ச் சேருவதில்லை. நான் ஈரத் துண்டை மின்விசிறியடியில் காயவைத்துக்கொண்டிருந்தபோது, ஃபுக்கெட்டில் இருந்த நண்பன் வெயிலில் படுத்திருக்கும் படம் அனுப்பினான். பதிலே போடவில்லை.

கரையில் ஒரு படகுக்காரர். மொழி தெரியாது. படகு எப்போது போகும் என்று சைகையில் கேட்டேன். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் இரண்டு தாள்களைப் புரட்டி பிப்ரவரியைக் காட்டிவிட்டுச் சிரித்தார். மொத்தப் பயணத்திலும் எனக்குக் கிடைத்த உருப்படியான தகவல் அதுதான்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த குளிர்காலத்துக்கு இப்போதே திட்டம் போடப்போகிறேன்.

* * *

நீங்களாவது இரண்டு கரையும் இரண்டு கடல் என்று தெரியாமல் போனீர்கள். நான் தெரிந்தே போனேன். என் அப்பம்மா வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக்காற்று என்று ஆண்டையே இரண்டாகப் பிரித்துப் பேசுவார். அதைக் கேட்டு வளர்ந்தும், ஒரு டிசம்பர் கடைசியில் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் நிலாவெளிக்கு அறை பதிவு செய்தேன். கூட்டம் குறைவு என்ற ஆசைதான். கூட்டம் ஏன் குறைவு என்று யோசித்திருக்க வேண்டும்.

வாடை வீசும் மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கடல் குழம்பிப்போய்க் கிடக்கும். திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் மே முதல் செப்டம்பர் வரைக்குமான இடங்கள். புறாத்தீவுக்குப் படகேறிப் பவளப்பாறை பார்ப்பதும் அப்போதுதான் நன்றாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் தெற்கும் தென்மேற்கும்: பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ. நாங்கள் மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தீவைக் குறுக்கே கடந்து மிரிஸ்ஸவுக்கே போய்விட்டோம். ஒரு முழு நாள் சாலையில் போயிற்று. மறுநாள் விடியற்காலைப் படகில் நீலத் திமிங்கிலம் முதுகைக் காட்டிவிட்டு மூழ்கியது. கடல் அவ்வளவு அமைதி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் திமிங்கிலம் பார்க்கப் போகிறார்கள். ஒன்று மட்டும், படகு திமிங்கிலத்தைத் துரத்திக்கொண்டு போனால் நமக்கே பார்க்கப் பிடிக்காது. தள்ளி நிற்கிற படகா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

* * *

மாலத்தீவில் எங்களுக்குக் காற்றும் மழையும் பிரச்சினை இல்லை. ஜனவரி, வறண்ட பருவம், கண்ணாடி மாதிரி தண்ணீர். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

எங்கள் விமானம் மாலேயில் இறங்கியது மாலை ஐந்து மணிக்கு. ரிசார்ட்டுக்குப் போகும் சீபிளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் சிறு விமானம், பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும் என்பது அங்கே வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. தீவில் முதல் இரவுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, தூங்கியதோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். டிக்கெட் விற்றவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால் முதலில் தீவு, பிறகு அங்கே போகும் வழி, கடைசியில்தான் விமான டிக்கெட். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். இரவில் வந்து சேருகிறவர்களுக்கு வேகப்படகில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் தீவுதான் சரி.

அப்புறம், ரிசார்ட் இல்லாமல் மக்கள் வாழும் தீவில் தங்கினால் மது கிடையாது, நீச்சலுடையில் குளிக்க அதற்கென்று ஒதுக்கிய கரை தனியாக இருக்கும். எங்களுக்கு அந்த நாட்கள்தான் அதிகம் பிடித்தன.

* * *

அந்தமான் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொழுது சாய்வது அங்கே சீக்கிரம். டிசம்பரில் ஐந்து மணி வாக்கில் சூரியன் போய்விடுகிறது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், தீவுகளோ கிழக்கே வெகு தூரத்தில். நாங்கள் மதியம் தூங்கி எழுந்து, நிதானமாக ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பிப் போனோம். மணல் இருந்தது, கடல் இருந்தது, வெளிச்சம் இல்லை. மறுநாள் முதல் ஐந்தரைக்கு எழுந்தோம். குளிர்கால விடுமுறையில் அலாரம் வைத்து எழுந்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

நீல் தீவில் (இப்போது ஷகீத் தீவு) இன்னொரு பாடம். அறை வாசலிலேயே கடல் என்று ஆசைப்பட்டு எடுத்தோம். கடல் வற்றியதும் வாசலில் தண்ணீரே இல்லை. நெடுந்தூரத்துக்குப் பாறையும் பாசியும்தான். ஆனால் அப்படி வற்றும் நேரத்தில்தான் லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு நடந்து போக முடியும். ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர்மட்ட வித்தியாசம் அதிகம். விடுதி வாசலில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் அதை யாரும் படிக்கவில்லை.

* * *

முதுகு. முதுகை மறந்துவிடாதீர்கள்.

குப்புற மிதந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு மணி நேரம். வானம் மேகமூட்டம், தண்ணீர் குளுகுளு. அன்றிரவு முட்டிக்குப் பின்னால் இருக்கும் தோல்கூட எரிந்தது. மேகம் இருந்தாலும் புற ஊதாக் கதிர் கீழே வரத்தான் செய்யும். வெயிலுக்குப் பூசும் களிம்பைத் தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். இப்போது முழுக்கைச் சட்டையோடுதான் இறங்குகிறேன், பூசுகிற வேலை பாதி குறைகிறது. பவளத்துக்குக் கெடுதல் என்று சில களிம்புகளைப் பலாவ் 2020-லும் ஹவாய் 2021-லும் தடை செய்துவிட்டன. வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் இல்லாததாகப் பாருங்கள்.

* * *

கடைசி நாளுக்கு ஸ்கூபா வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறைக்கு மேல் முங்கினால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பார்கள். என் பயிற்சியாளர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இரண்டாவது முங்கலுக்கு விடவே இல்லை. அன்று கோபம் வந்தது.

* * *

எல்லாரும் நல்ல தகவல்தான் தருகிறீர்கள். ஆனால் ஓய்வு என்று யாராவது சொன்னீர்களா? நான் ஏழு நாளில் மூன்று தீவு போட்டேன். நினைவில் இருப்பது படகுத்துறைகள் மட்டும். சேர்ந்த நாள் பெட்டியைப் பிரி, மறுநாள் கட்டு. இரண்டாவது தீவில் ஒரு தென்னை மரத்தடி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அங்கே மொத்தம் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். படகு வந்துவிட்டது.

* * *

எழுதிய எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது: பிப்ரவரி, உனவட்டுன, ஒரே விடுதி, ஏழு இரவு. பகலில் இறங்கும் விமானம். ஸ்கூபா இரண்டாம் நாள். கடைசி இரண்டு நாளுக்கு எதுவும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான்.

சமூயிக்கு வந்திருந்த மனைவி இதை நம்பத் தயாராக இல்லை. பட்டியலில் முதல் வரியாகக் குடை என்று எழுதி வைத்திருக்கிறாள். பிப்ரவரியில் உனவட்டுனவில் இருந்தவர்கள் யாராவது, மாலையில் மழை உண்டா என்று மட்டும் சொல்லுங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.