புதுக்குடியிருப்பில் பராமரிப்பு இல்லம்: பதிவு விபரம் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்பில் பெரியப்பாவின் வீடு சும்மா கிடக்கிறது. பார்க்க ஆளில்லாதவர்கள் தங்கும் இல்லமாக அதை நடத்தச் சொல்லி, கனடாவில் உள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். இடம் கேட்டு வருபவர்களில் சிலர் முதியவர்கள். மற்றவர்கள் போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு சக்கர நாற்காலியில் இருக்கும் நாற்பது வயதுக்காரர்கள். சிக்கலே இதுதான்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதை எட்டியவர்களுக்கானது. முதியோர் இல்லம் நடத்த அதன்கீழ் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. அப்படியானால் ஒரே வீட்டுக்கு இரண்டு பதிவா? வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இப்படிக் கலந்து நடத்துபவர்கள் இருக்கிறீர்களா?

முதலில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்ப்பதா, மாகாணத் திணைக்களத்துக்குப் போவதா? இரவில் தாதி கட்டாயமா, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் போதுமா?

“முதலில் தொடங்குங்கோ, பிறகு பதியலாம்” என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. படுக்கைப்புண் முற்றி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் பொறுப்பு?

மலசலகூடக் கதவை எவ்வளவு அகலமாக்கச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள், மேசன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நிரப்பிய விண்ணப்பத்தின் படம் இருந்தால், பெயர் விபரத்தை மறைத்துவிட்டு உள்பெட்டியில் அனுப்புங்கள்.