மறு: ஈகர் லோடிங் – ‘ஆர்வ ஏற்றம்’ வேண்டாமே

> ஈகர் லோடிங்குக்கு ஆர்வ ஏற்றம், லேசி லோடிங்குக்குச் சோம்பல் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாமா? மேட்சிங்கையும் ஆர்வ ஏற்றத்திலேயே சேர்த்துவிடலாம்.

வணக்கம். தரவுத்தள நிரலாக்கச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், மேலே உள்ள யோசனைக்கு என் பதில் இது.

‘சோம்பல் ஏற்றம்’ படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தரவுத்தளத்துக்கு ஏது ஆர்வமும் சோம்பலும்? 50 ஆசிரியர்களின் பட்டியலை எடுக்கிறோம் என்று வையுங்கள். லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் ஒவ்வொருவரின் நூல்களையும் லூப்புக்குள் தொடும்போதுதான் அது தேடிப்போகிறது. பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, ஆக 51 வினவல்கள் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகள்). இது லேசி லோடிங். ‘வித்’ (with) என்ற கட்டளையைப் போட்டால், கிடைத்த ஆசிரியர் ஐடிகளை ஒரே ‘இன்’ (IN) நிபந்தனைக்குள் அடுக்கி நூல்களை மொத்தமாக வாங்கிவிடும், இரண்டே வினவல்கள். இது ஈகர் லோடிங். கேக்பிஎச்பி என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கில் இந்த வேலை ‘கன்டெயின்’ உடையது. கையோடு கொண்டுவருவதுதானே இது? ஆகவே ‘உடன்கொணர்தல்’ என்கிறேன். மற்றது ‘பின்கொணர்தல்’.

புதுச்சொல்லை வினையாக்கித் திருகிப் பார்ப்பது என் வழக்கம். நூல்களை உடன்கொணர், உடன்கொணர்ந்த நூல்கள், உடன்கொணராததால் வந்த தாமதம். தாங்குகிறது. ‘ஆர்வமாக ஏற்றாததால் வந்த தாமதம்’ என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்!

கேக்பிஎச்பியின் மேட்சிங்கை இதோடு சேர்ப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. ‘2020க்குப் பின் வந்த நூல்கள்’ என்ற நிபந்தனையைக் கன்டெயினுக்குள் கொடுத்தால் 50 ஆசிரியர்களும் வருவார்கள். அப்படி நூல் இல்லாதவரிடம் வெற்றுப் பட்டியல் இருக்கும். அதே நிபந்தனையை மேட்சிங்கில் கொடுத்தால் அவர்கள் பெயரே வராது. மேட்சிங் இன்னர் ஜாயின் (இரு அட்டவணைகளிலும் பொருந்தும் வரிசைகளை மட்டும் இணைப்பது) செய்வதால், மூன்று நூல் எழுதியவர் மூன்று முறை வந்து நிற்பார். இது தெரியாமல் ஒரு அறிக்கையில் ஒரே பெயரை மூன்று தடவை அச்சிட்டுக் கொடுத்தவன் நான். திரும்ப வருவதை நீக்கும் ‘டிஸ்டிங்க்ட்’ போட்ட பிறகுதான் சரியானது. ஒன்று கொண்டுவருகிறது, இன்னொன்று கழிக்கிறது. ஒரே சொல்லில் அடக்கினால் புதிதாகப் படிப்பவர் என்னைப் போலவே விழுவார்.

மேட்சிங்குக்குப் ‘பொருத்தம்’ என்றும் ஒருவர் சொன்னார். எந்த ‘வேர்’ (WHERE) நிபந்தனையும் பொருத்தம்தானே. ‘இணைத்து வடித்தல்’ கேக்பிஎச்பிக்குச் சரி. லாராவெல்லின் ‘வேர்ஹேஸ்’ ஜாயினே செய்யாமல் ‘எக்சிஸ்ட்ஸ்’ (இருக்கிறதா என்ற சோதனை) வைத்து முடித்துவிடும், பெயரும் திரும்ப வராது. எப்படிச் செய்கிறது என்பதை வைத்துப் பெயரிட்டால் அடுத்த ஃபிரேம்வொர்க்கில் உதைக்கும். எனவே ‘தொடர்புவழி வடிகட்டல்’. கொஞ்சம் நீளம்தான்.

‘உறவுவழி’ என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. 1970இல் தரவுத்தள அறிஞர் எட்கர் காட் எழுதிய கட்டுரையில் ‘ரிலேஷன்’ என்றால் அட்டவணையே. அட்டவணைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பு அன்று. உறவுநிலைத் தரவுத்தளம் என்று நாம் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அந்தப் பிணைப்பான அசோசியேஷனுக்குத் ‘தொடர்பு’ என்பதை ஒதுக்கிவிடலாம்.

பெலாங்ஸ்டுமெனிக்கு (ஒரு நூலுக்குப் பல ஆசிரியர், ஒரு ஆசிரியருக்குப் பல நூல் என இருபுறமும் பலவாக அமையும் தொடர்பு) இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. ‘பன்முகத் தொடர்பு’ என்று எழுதி, நானே அடித்துவிட்டேன். யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.